எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பு அல்ல

கேகாலை மாவட்டம், புளத்கொகுபிட்டிய. அங்குள்ள தோட்டமொன்றில் ஓட்டோ ஓட்டும் நண்பர் ஒருவரின் வண்டி மழைநாளொன்றில் மண்மேட்டில் மோதிப் பக்கத் தகடு நசுங்கியது. கராஜில் தட்டி நிமிர்த்தி, சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். வெளியே கொண்டுவந்து பார்த்தால் ஒரு பக்கம் தக்காளிப்பழம், மறுபக்கம் காய்ந்த மிளகாய். மறுபடி அடித்தும் பொருந்தவில்லை. கடைசியில் முழு வண்டிக்கும் அடிக்க வேண்டியதாயிற்று. லீசிங் கட்டுகிறவருக்கு அது சின்னச் செலவல்ல. “சிவப்புன்னா சிவப்புதானே அண்ணே?” என்று என்னிடம் கேட்டார்.

இதே சிக்கல் கோடிக்கணக்கில் விலைபோகும் பழைய பந்தயக் கார்களுக்கும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்வதேசப் பந்தயங்களில் நாட்டுக்கொரு நிறம் இருந்தது. பிரான்ஸுக்கு நீலம், பிரித்தானியாவுக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு. ‘ரோஸ்ஸோ கோர்ஸா’, அதாவது ‘பந்தயச் சிவப்பு’ என்ற பெயர் அப்படி வந்தது. இன்று அதை ஃபெராரியின் நிறமென்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் ஃபெராரியின் சிவப்பும் ஒன்றாக இருந்ததில்லை. 2020 செப்டம்பரில், தனது ஆயிரமாவது ஃபோர்முலா வன் பந்தயத்துக்கு அந்த அணி கருஞ்சிவப்புக் கார்களைக் கொண்டுவந்தது. 1947இல் வெளிவந்த அதன் முதற் கார் 125 எஸ்ஸின் நிறத்தை நினைவுகூரவே அப்படிச் செய்தது.

பிரித்தானியாவின் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை தயாரானது. அந்த ஒரே மாதிரிக்குள்ளேயே டார்டன் ரெட், ஃபிளேம் ரெட், டமாஸ்க் ரெட் எனப் பல சிவப்புகள். ‘சிவப்பு எம்.ஜி.’ என்று சொன்னால் எந்தச் சிவப்பு என்று கேட்கத்தான் வேண்டும்.

தொழிற்சாலையில் ஒரே சிவப்பாக அடிக்கப்பட்டாலும் அது அப்படியே நிற்பதில்லை. சிவப்பு நிறப்பொருள் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டு, சக்தி கூடிய நீல, பச்சை ஒளியை உள்வாங்குகிறது. அந்த ஒளியும் புறஊதாக் கதிரும் சேர்ந்து அதன் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல உடைக்கின்றன. மேலே கிளியர் கோட் இல்லாத பழைய பெயின்ட் சுண்ணாம்பு பூத்ததுபோல வெளிறி, இளஞ்சிவப்பாகிவிடும்.

அப்படியானால் தகரத்துக்கு அடிக்கும் ரெட் ஒக்சைட் ஏன் இலகுவில் வெளிறுவதில்லை? அது இரும்பு ஒக்சைட். துருவும் அதே இனம்தான். வெயில் அதை அசைக்காது. ஆனால் அதில் செங்கல் நிறமே கிடைக்கும், கண்ணைப் பறிக்கும் சிவப்பு கிடைக்காது. பளிச்சென்ற சிவப்புக்காகப் பழைய வாகனப் பெயின்ட்கள் சிலவற்றில் ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்டன. அவற்றை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி நஞ்சு. மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கராஜ்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும், தரமான முகமூடி அணிவதும், சின்னப் பிள்ளைகளை அப்பால் வைப்பதும் அவசியம்.

பொருத்தம் பார்க்கவும் சில வழிகள் உண்டு. முதலில் பழைய பகுதியைப் பொலிஷ் செய்து, வெளிறிய மேற்படையை நீக்குங்கள். அதன் பிறகே நிறம் கலக்கச் சொல்லுங்கள். சிறு தகட்டில் அடித்து, காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் வண்டியோடு வைத்துப் பாருங்கள். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சிவப்புகள் வெயிலில் வேறாகிவிடும். சிவப்புக்கு மறைக்கும் திறன் குறைவு என்பதால் அடியில் பூசும் பிரைமரின் நிறமும் மேலே தெரியும். அந்த மாதிரித் தகட்டுக்கும் வண்டிக்கும் ஒரே பிரைமர் இருக்க வேண்டும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டின், மொரிஸ் கார்களை இன்றும் பேணுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அசல் நிறத்தைத் தேட வேண்டிய இடம் வெயில் குடித்த பொனட் அல்ல. டாஷ்போர்டின் அடியிலும், டிக்கி விரிப்பின் கீழும், கதவின் உள்மடிப்பிலும் பாருங்கள். தேய்க்கத் தொடங்குமுன் அந்த இடங்களைப் படமெடுத்து வையுங்கள். புதுப் பெயின்ட் ஏறிவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

நண்பரின் ஓட்டோவில் பெற்றோல் தாங்கியின் பக்கம் இப்போதும் கையளவு பழைய சிவப்பு இருக்கிறது. முதல் நாளே அதைக் காட்டியிருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.