பந்தய வீரருக்கும் சாலையில் சலுகை இல்லை

"எனக்கு நல்லா ஓட்டத் தெரியும் வாப்பா, நீங்க பயப்படாதீங்க." வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும் பிள்ளைகளிடம் வேகத்தைப் பற்றிப் பேசினால், நம் வீடுகளில் பெரும்பாலும் இந்தப் பதில்தான் கிடைக்கிறது. அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். இளம் வயதில் கண்ணும் கையும் நம்மைவிடச் சுறுசுறுப்பானவைதான். ஆனால் உலகிலேயே மிக நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் என்று பெயர் எடுத்தவர்களையே காவல்துறை நடுச்சாலையில் நிறுத்தி, சாவியை வாங்கிக்கொண்டிருக்கிறது.

2010 மார்ச் 26, வெள்ளிக்கிழமை இரவு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இரண்டு நாட்களில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்க இருந்தது. 2008-ன் உலக சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன் பயிற்சியை முடித்துவிட்டு மெர்சிடீஸ் காரில் வெளியே வந்தார். பந்தயத் திடலுக்கு அருகிலேயே பின்சக்கரங்களைச் சுழலவிட்டு, காரை வழுக்கவிட்டு வேடிக்கை காட்டினார். அதைப் பார்த்த போலீசார் காரை அங்கேயே பறிமுதல் செய்தார்கள். அந்த விக்டோரியா மாநிலத்தில் 2006 முதல் இப்படி ஓட்டுபவர்களுக்கென்றே ஒரு சட்டம் உண்டு. அன்றைய விதிப்படி, நீதிமன்றம் வரை காத்திருக்காமல், போலீசாரே வண்டியை 48 மணி நேரம் எடுத்து வைத்துக்கொள்ள முடிந்தது. உலக சாம்பியன் என்பதால் அதில் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை.

ஹாமில்டன் அன்றே மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்டில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவருடைய வழக்கறிஞர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 500 ஆஸ்திரேலிய டாலர் அபராதம். அவருடைய வருமானத்துக்கு அது ஒன்றுமே இல்லை. உலகம் முழுக்கச் செய்தியாகி வந்த வெட்கம்தான் பெரிய தண்டனை. அது அவருக்கு முதல் முறையும் அல்ல. 2007 டிசம்பரில் பிரான்ஸ் நாட்டு நெடுஞ்சாலையில், 130 கிலோமீட்டர் வரம்பு உள்ள இடத்தில் 196-ல் போய்ப் பிடிபட்டு, ஒரு மாதம் அந்த நாட்டில் வண்டி ஓட்டத் தடை வாங்கியவர்தான்.

மெல்போர்ன் பந்தயம் நடக்கும் ஆல்பர்ட் பார்க் திடல், வருடத்தின் மற்ற நாட்களில் ஏரியைச் சுற்றிச் செல்லும் பூங்காச் சாலை. பந்தய நாட்களில் அதே தாரின் மேல் 300 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். காரணம், ஓரங்களில் தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டிருக்கின்றன, மருத்துவக் குழு தயாராக நிற்கிறது, எதிரே வண்டி வராது, குறுக்கே குழந்தை ஓடாது. இத்தனையும் இருந்தும் பந்தயத்திலேயே ஓர் இடத்தில் வேக வரம்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. டயர் மாற்ற வண்டிகள் உள்ளே வரும் பிட் லேனில் பெரும்பாலும் 80 கிலோமீட்டர்தான். சில திடல்களில் 60. மீறினால் அபராதம். அங்கே மெக்கானிக்குகள் நடமாடுகிறார்கள் அல்லவா? மனிதர்கள் நிற்கும் இடத்தில் உலக சாம்பியனும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

2011 மே மாதம் அமெரிக்காவின் வட கரோலினாவில் நாஸ்கார் பந்தய வீரர் கைல் புஷ் பிடிபட்டார். மணிக்கு 45 மைல் வரம்பு உள்ள சாலையில் அவர் போனது 128 மைல். நம் கணக்கில், 72 கிலோமீட்டர் இடத்தில் 206. ஒருவர் சாலையைக் கடக்க நிற்கிறார், 200 மீட்டர் தூரத்தில் ஒரு கார் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவழிச் சாலையை நடந்து கடக்க ஏறக்குறைய 6 விநாடி வேண்டும். கார் 72-ல் வந்தால் அவரிடம் வந்து சேர 10 விநாடி ஆகும், நிம்மதியாகக் கடந்துவிடுவார். 206-ல் வந்தால் மூன்றரை விநாடிதான். அவர் நடுச்சாலையில் இருப்பார். பிரேக் பிடித்தால் நிற்கத் தேவைப்படும் தூரமும் எட்டு மடங்கு கூடியிருக்கும். ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கடப்பவருக்கு அவர் யாரென்று தெரியாது. எல்லாக் கார்களும் வரும் வேகத்தில்தான் இதுவும் வருகிறது என்று நம்பிக் காலை எடுத்து வைக்கிறார்.

நல்லவேளையாக அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புஷ்ஷின் உரிமத்தை 45 நாட்கள் நிறுத்தி வைத்த நீதிமன்றம், 1,000 டாலர் அபராதமும் 30 மணி நேரச் சமூக சேவையும் விதித்தது. பந்தயம் நடத்தும் நாஸ்கார் அமைப்போ நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. தெருவில் ஓட்ட உரிமம் இல்லாதவர் திடலில் ஓட்டிக்கொண்டிருந்தார். நமக்கு இது சரியாகப் படவில்லை.

ஃபார்முலா ஒன்னில் சாதாரண ஓட்டுநர் உரிமம் இருந்தாக வேண்டும் என்ற விதி 2016-ல் கொண்டுவரப்பட்டது. அதற்கு முந்தைய வருடம் 17 வயதில் பந்தயத்துக்கு வந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பனிடம் அது இருக்கவில்லை.

மூன்று முறை உலக சாம்பியனான பிரேசில் நாட்டு நெல்சன் பிக்கே, 2007-ல் தன் உரிமத்தையே இழந்தார். வேகத்துக்காக மட்டுமல்ல, கண்ட இடத்தில் காரை நிறுத்தியதற்கும் சேர்ந்த அபராதப் புள்ளிகள் அவை. அப்போது அவருக்கு வயது 50-ஐத் தாண்டியிருந்தது. உரிமத்தைத் திரும்பப் பெறுவதற்காக, மற்றவர்களைப் போலவே ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, சாலை விதிகள் வகுப்பில் போய் உட்கார்ந்தார்.