உங்களுக்குத் தெரியுமா? செவ்வாயில் தயாரான ஆக்சிஜன்

செவ்வாயில் குடியேற வேண்டுமானால் முதல் தேவை மூச்சுக்காற்று. அங்குள்ள காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் பொருத்திய ‘மாக்சி’ கருவி அதை உறிஞ்சி, சுமார் 800 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜன் எடுத்தது. கார் பேட்டரி அளவுதான் இருக்கும். உள்ளிருக்கும் வெப்பம் ஊர்தியின் மற்ற பாகங்களைத் தாக்காதபடி மேலே தங்கப் பூச்சு!

2021 ஏப்ரலில் முதல்முறை கிடைத்தது சுமார் 5 கிராம். 2023 வரை 16 முறை இயங்கியும் மொத்தம் 122 கிராம்தான். ஒருவர் ஒரு நாள் மூச்சுவிடவே ஏறக்குறைய 840 கிராம் வேண்டும். திரும்பி வருவது இன்னும் பெரிய பாடு: நால்வரை ஏற்றிக் கிளம்பும் ராக்கெட்டுக்கு எரிபொருளை எரிக்க மட்டும் 25 டன் ஆக்சிஜன் தேவை என்கிறது நாசா.

ஆனாலும், வேற்றுக் கோளில் மனிதர் தயாரித்த முதல் ஆக்சிஜன் இதுதான்.