புது ஆர்க்கிட் என்று எதைக் கொண்டு சொல்வது?

மரக்காணத்து உப்பளங்களின் வெண்மையில் கண் கூசித் தெற்கே புதுச்சேரி நோக்கிச் செல்பவர்கள், கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காட்டைப் போன்ற இக்கரையோரப் பசுங்காடுகளில் சற்று நின்று அண்ணாந்து பார்ப்பார்களாயின், மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வேர்களை வெளியிலே தொங்கவிட்டு வாழும் வாண்டா என்னும் ஆர்க்கிட்டைக் காணும் பாக்கியம் கிட்டக்கூடும். மஞ்சள் இதழில் பழுப்புக் கட்டங்கள் ஓடும் இச்செடியை, சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றிய தம் பெருநூலில் 1795-இல் விவரித்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர். கூர்ந்த கண்ணும் இந்திய ஓவியர்களின் தூரிகையுமே அவருடைய சாதனங்கள். அவர் கண்ட சிற்றினம் இன்றும் நிலைத்து நிற்கிறது. அதனைச் சேர்த்த பேரினந்தான் பின்னாளில் மாற்றப்பட்டது.

இக்காலத்தில் கண் மட்டும் போதாது. நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளிலும் உறவினரை உடைய ஸ்பைராந்தஸ் என்னும் சுருள்பூ ஆர்க்கிட், ஜப்பானில் புல்தரைதோறும் காணப்படும் சாதாரணச் செடி. அவற்றுள் சில, தண்டில் ரோமமின்றி, ஏறக்குறைய ஒரு மாதம் முந்தியே பூப்பதைக் கோபே பல்கலைக்கழகத்துக் கென்ஜி சுயெட்சுகு கவனித்தார். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே தடுப்பாக நிற்கும் மடலும் அப்பூக்களில் இல்லாமையால், பூச்சியின் உதவியின்றியே அவை கருவுற்றன.

ஆயினும் மண்ணும் வெயிலும் மாறினால் ரோமம் உதிரலாம், பருவம் பிறழலாம், இரண்டு இனங்களின் கலப்பும் புதுமைபோல் மயக்கலாம் என்ற ஆட்சேபம் எழுமன்றோ? ஆர்க்கிட்டுகள் கலப்பில் மிகத் தாராளமானவை. அவற்றின் பசுங்கணிக மரபணு பெரும்பாலும் தாய்வழியாகவே வருவது. உட்கரு மரபணுவோ இருவழியிலும் வருவது. ஆகவே பசுங்கணிகத்தை மட்டும் பார்ப்பவர் கலப்பினத்தின் தந்தையை அறியாமலே போவார். 2009-இல் தாவரங்களை இனங்காண்பதற்கென்று சிபாரிசு செய்யப்பட்ட இரு பசுங்கணிக மரபணுக்களும் நெருங்கிய உறவினரைப் பிரித்தறியப் பல சமயம் போதுமானவையல்ல. மரபணுத் தொகுதியில் பல இடங்களை ஒருங்கே ஒப்பிட வேண்டியிருக்கிறது. இப்பரீட்சையிலும் தனித்து நின்ற பின்னரே, 2023 மார்ச்சில் அச்செடி, ஜப்பானிய ஹச்சிஜோ தீவின் பெயரால் ஸ்பைராந்தஸ் ஹச்சிஜோயென்சிஸ் என்று பிரசுரமாயிற்று.

பெயர் செல்லுபடியாக, பெரும்பாலும் உலர்த்திய நிலையில், மாதிரிச் செடி ஒன்று தாவரக் காப்பகத்தில் சேர வேண்டும். லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விளக்கம் வேண்டும். உலர்ந்தால் உருவழியும் ஆர்க்கிட் பூவைச் சாராயத்தில் இட்டு வைப்பதும் வழக்கம். கண்ணுக்கு ஒரு லட்சணமும் புலப்படாமல் மரபணுவை மட்டும் காட்டிச் சூட்டும் பெயர், காட்டில் நிற்பவனுக்குப் பயன்படாது என்பது என் அபிப்பிராயம்.

கோயிற்காட்டில் பழக்கமில்லாத ஆர்க்கிட் எதையேனும் காணும் அன்பர்கள் அதைப் பறிக்கலாகாது. பூவின் முன்புறம், பின்புறம், தண்டு ஆகிய மூன்றையும் படமெடுத்து, கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிலையத்துக்கோ புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கோ அனுப்பி வைக்க வேண்டுகிறேன்.