ஆழ்துறையும் அதன் பின்னிலமும்

ஒரு துறைமுகத்தின் சிறப்பை எதைக் கொண்டு அளப்பது? நீரின் ஆழத்தைக் கொண்டும், காற்றுக்கும் அலைக்கும் அது தரும் காப்பைக் கொண்டும் அளக்கலாம் என்பர் மாலுமிகள். அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் இலங்கைத் தீவில் திருகோணமலைக்கு நிகரான துறை வேறில்லை. ஆயினும் அத்தீவின் தலைமைத் துறைமுகம் திருகோணமலை அன்று. மேற்குக் கரையில், கடலுக்குள் கல்லணை எழுப்பி மனிதர் ஆக்கிக்கொண்ட கொழும்பே அது. இயற்கை வாரி வழங்கிய இடம் பின்னே நிற்க, இயற்கை கைவிரித்த இடம் முன்னே சென்றது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால் இலங்கையின் நிலம், மக்கள், ஆட்சி, பொருளாதாரம் ஆகிய நான்கனையும் ஒருசேர அறிந்துகொள்ளலாம்.

முதலில் நிலத்தைக் காண்போம். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். தீவின் தெற்கு நடுப்பகுதியில் மலைநாடு உயர்ந்து நிற்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகல 2,524 மீற்றர் உயரமுடையது. அம்மலைகளிற் பிறந்த ஆறுகள் நாற்றிசையும் பாய்கின்றன. அவற்றுள் நீளமானது மாவலி கங்கை. 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கிறது. அக்குடாவின் வடமேற்கு மூலையில், குன்றுகள் காவல் நிற்க, ஒடுங்கிய வாயிலினூடே உள்ளே விரிவது திருகோணமலை உட்துறை. ஏறத்தாழ 1,600 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு அங்கே அடங்கிக் கிடக்கிறது. குடாவின் அடியிலே கடலுக்குள் நீண்டு செல்லும் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. கரைக்கு அண்மையிலேயே ஆழம் மிகுந்திருப்பதற்கு அதுவே காரணம். கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மீற்றரையும் எட்டாதாதலால், பெருங்கப்பல்கள் எவ்வேளையும் வந்து போகலாம்.

அடுத்து, காற்று. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று கொழும்புக்கும் மலைநாட்டின் மேற்குச் சரிவுக்கும் மழையைக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. திருகோணமலை மக்கள் அதனைக் கச்சான் காற்று என்பர். நிலம் வெடிக்கும், குளம் வற்றும். ஒக்டோபர் தொடங்கிச் சனவரி வரையே இங்கு மழை. இக்காற்றின் மாற்றம் மனிதரையும் இடம் மாற்றுகிறது. மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். அப்போது நீர்கொழும்பு முதலிய மேற்குக் கரை ஊர்களின் மீனவர் குடும்பத்தோடு வந்து, கிழக்குக் கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம்.

பாய்க்கப்பற் காலத்தில் இதே காற்றுத்தான் திருகோணமலைக்குப் பெருமதிப்பைத் தேடித் தந்தது. நாகபட்டினம் முதல் சென்னை வரையுள்ள சோழமண்டலக் கரையில், ஐப்பசி கார்த்திகைப் புயலுக்கு ஒதுங்க நல்ல துறை கிடையாது. அக்கரையில் வாணிகம் செய்த ஐரோப்பியர் ஒவ்வொருவரும், புயலுக்கு ஒதுங்கவும் பழுது பார்க்கவும் ஏற்ற இடமென்று திருகோணமலையை நாடினர். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் பறித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்தனர். சமாதான உடன்படிக்கையால் மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்றது. 1795இல் ஆங்கிலேயர் வசமாகி நிலைத்தது. இத்தனை கொடிகள் மாறியும், கொடியேற்றிய எவரும் துறைமுகத்தின் பின்னேயிருந்த நிலத்தைப் பொருட்படுத்தவில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். அவர்களுக்கு வேண்டியது நீர், நிலமன்று.

இனி, கொழும்பு முந்திய கதை. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் நிலப்பகுதியைப் புவியியலார் பின்னிலம் என்பர். 19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களும், கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களும் பரந்தன. அவை கொழும்புக்கே அண்மையில் இருந்தன. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கீழ்த்திசைக் கப்பற்பாதை கொழும்பு வாயிலாகச் சென்றது. 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அலைதடுப்பணை பத்தாண்டுகளில் முடிந்தது. திருகோணமலைக்குப் புகையிரதம் வந்ததோ 1927இல். அதற்குள் வாணிகம் தன் வழியை வகுத்துக்கொண்டுவிட்டது. திருகோணமலையின் பின்னே அன்று கிடந்தவை தூர்ந்த குளங்களும், அடர்ந்த காடும், மலேரியாக் காய்ச்சலுமே. ஆதலால் ஆங்கிலேயர் அதனைக் கடற்படைத் தளமாக மட்டும் வளர்த்தனர். சீனக்குடாவின் காட்டினுள்ளே எண்ணெய்த் தாங்கிகளை வரிசை வரிசையாக நிறுவினர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தது அத்தளத்தின் பொருட்டே. அன்றே தென்கிழக்கே மட்டக்களப்புக் கடலில் ஹேமிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது.

இம்மாவட்டத்து மக்கள் யாவர்? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். பத்துப் பேரை எடுத்துக்கொண்டால் நால்வர் முஸ்லிம்கள், மூவர் தமிழர், மூவர் சிங்களவர் என்று கூறலாம். நாடு முழுவதையும் நோக்கினால் சிங்களவரே ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர். இங்கோ எவரும் பெரும்பான்மையர் அல்லர். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்பது திருகோணமலைத் தமிழர் மரபு. சூளவம்சம் அக்கபோதி மன்னன் பெயரைச் சொல்லும். கட்டியவன் யாராயினும், அதன் நீர் இன்று மூவினத்தார் வயலிலும் பாய்கிறது. ஆயினும் குடியேற்றத் திட்டங்கள் பற்றியும் காணி பற்றியும் எழுந்த பிணக்குகள் நீரைப்போல் எளிதிற் கலந்து மறையவில்லை. 1983இல் மூண்டு 2009இல் முடிந்த போரில் இம்மாவட்டம் பெருந்துயர் உற்றது. குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006இல் ஊரை விட்டு ஓடினர். கொட்டிலிலும் முகாமிலும் ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்தபின்பே, 2015ஆம், 2016ஆம் ஆண்டுகளிற் பலர் தம் மண்ணில் மீண்டும் கால்வைத்தனர். இடையே 2004ஆம் ஆண்டு மார்கழியில் வந்த ஆழிப்பேரலையும் கரையூர்களை வாரிச் சென்றது.

ஆட்சிமுறையைச் சுருக்கமாகக் கூறலாம். 1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. கடற்படைத் தளமோ மேலும் ஒன்பது ஆண்டுகள் பிரித்தானியர் கையிலேயே இருந்து, பண்டாரநாயக்கா பிரதமராயிருந்தபோது, 1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் நாட்டிடம் வந்தது. 1972இல் நாடு குடியரசாயிற்று. 1978ஆம் ஆண்டு யாப்பு நிறைவேற்று அதிகாரமுடைய சனாதிபதியை ஏற்படுத்தியது. பாராளுமன்றத்தில் 225 உறுப்பினர். அவருள் நால்வரைத் திருகோணமலை மாவட்டம் தெரிவு செய்கிறது. 1987ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கையை ஒட்டி மாகாண சபைகள் தோன்றின. அவ்வேளை பரிமாறப்பட்ட கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாடும் படைத்தேவைக்குப் பயன்படுத்த இடமளிப்பதில்லை என்றும் உறுதி கூறப்பட்டது. ஒரு நகரத்தின் துறைமுகம் இரு நாடுகளின் உடன்படிக்கையில் இடம்பெறுவது அரிய செய்தி. இன்று திருகோணமலையே கிழக்கு மாகாணத்தின் தலைநகர். ஆயினும் அம்மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தலின்றி ஆளுநரின் கீழேயே நிருவாகம் நடந்தது.

நாட்டின் பொருளாதாரம் தேயிலை, ஆடை ஏற்றுமதி, உல்லாசப் பயணம், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் ஆகிய தூண்கள்மீது நிற்கிறது. அத்தூண்கள் ஆட்டம் கண்டால் நேர்வது என்ன என்பதை 2022ஆம் ஆண்டு நெருக்கடி காட்டியது. எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். கொழும்புத் துறைமுகம் ஆண்டுதோறும் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாளுகிறது. திருகோணமலைக்கு வாய்த்தவை கோதுமை மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, புல்மோட்டைக் கனிம மணல், எண்ணெய்த் தாங்கிகள் ஆகியவை. எஞ்சி நிற்கும் தாங்கிகள் 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். அவற்றுட் பெரும்பாலானவற்றைப் பல்லாண்டுகளாகக் காட்டுக்கொடிகள் மூடிக் கிடந்தன. 2022 சனவரியில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்படி 61 தாங்கிகள் இரு நாட்டுக் கூட்டுக் கம்பனிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும் எனப் பகுக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும், திருகோணமலையை எரிசக்தி நிலையமாக்க ஓர் உடன்பாடு செய்தன.

இவற்றோடு மற்றுமொரு மாற்றத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். அது உலகச் செய்தியாகவில்லை. திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தரைவழியே செல்வோர் முன்னாளிற் பாதை எனப்படும் மிதவைகளில் ஏறி ஆறும் களப்பும் கடக்கவேண்டியிருந்தது. வெள்ளமோ போரோ வந்தால் அவ்வழியும் அடைபட்டுவிடும். நோயாளியும் கர்ப்பிணியும் துறையிலே காத்துக் கிடந்தனர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. தொடர்ந்து ஏனைய ஓடுதுறைகளிலும் பாலங்கள் எழுந்தன. மூதூர் உழவனின் நெல்லும் கிண்ணியா மீனவனின் மீனும் இப்போது தடையின்றி நகரை அடைகின்றன.

கொழும்பு ஏன் முந்தியது என்ற வினாவுக்கு விடை இங்கேதான் உள்ளது. துறைமுகத்தை வளர்ப்பது கடலின் ஆழம் மட்டுமன்று. பின்னிலத்தின் விளைவும், அதனைக் கொண்டுவரும் வழியும், அவ்வழியில் அச்சமின்றி நடமாடும் மக்களுமே. திருகோணமலையின் நீரை வல்லரசுகள் முந்நூறு ஆண்டுகள் விரும்பின. அதன் நிலத்தையும் அந்நிலத்து மக்களையும் முதன்மையாக மதிக்கும் திட்டம் எதுவோ, அதுவே இத்துறைமுகத்துக்கு உரிய பெருமையைத் தேடித் தரும். எண்ணெய்த் தாங்கிகளைப் பங்கிடுவோர் கணக்கில் மூதூர் வயலுக்கும் சம்பூர்க் காணிக்கும் ஓர் இடம் இருக்கிறதா என்பதே இனி நோக்கற்பாலது.