பீலித் தண்ணீரும் பேட்ஜர் முடியும்

1975இல் வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களை அரசு சுவீகரித்தபோது, ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் துரை ஊருக்குப் புறப்படுமுன் பங்களாச் சாமான்களை வேலைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பங்களா அப்புவாக இருந்த என் தாத்தாவுக்குக் கிடைத்தது ஒரு பீங்கான் கிண்ணமும் ஒரு ஷேவிங் பிரஷும். தந்த நிறத்தில் பருத்த பிடி. அதன்மேல் விரிந்து நிற்கும் முடிக்கற்றை. நுனி வெள்ளை, நடுவில் கரும்பட்டை, அடியில் மறுபடி வெளுப்பு. நான் பிறந்து விவரம் தெரிந்தபோதும் அந்தப் பிரஷ் உழைத்துக்கொண்டிருந்தது.

தாத்தா பீலியில், அதாவது மலைநீர் வந்து விழும் குழாயில், பிடித்துவந்த தண்ணீரை விறகடுப்பில் கைபொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சுவார். பிரஷை அதில் ஊறவைத்து, இரண்டு உதறு உதறி, சவர்க்காரக் கட்டியில் வட்டமாகச் சுற்றுவார். நுரை திரண்டு தயிர்போல ஆனதும் தாடையில் பூசிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். “ஏன் தாத்தா இன்னும் சிரைக்கல?” என்று கேட்டால், “முடி ஊறட்டும்டா. ஊறாத முடியச் சிரைச்சா தோலுதான் போகும்” என்பார்.

அவர் சொன்னது அறிவியல். தாடி முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை இறுக்கிப் பிடித்திருப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகளும் உண்டு. தண்ணீர் உள்ளே புகுந்தால் இவை தளர்கின்றன. முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீரை உறிஞ்சும். நீளத்தில் ஒன்றிரண்டு சதவீதமே வளரும், பருமனிலோ பதினைந்து சதவீதம் அளவுக்கு உப்பும். ஊறிய முடி மெதுவானது, பிளேடுக்கு எளிதில் வழிவிடும். ஆனால் ஊறுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். முகத்தில் எறிந்த தண்ணீர் அவ்வளவு நேரம் நிற்காது, வழிந்துவிடும். தண்ணீரை முகத்திலேயே நிறுத்திவைக்கத்தான் நுரை. காற்றுக் குமிழ்களுக்கு இடையிலுள்ள மெல்லிய சவர்க்காரப் படலங்களில் தண்ணீர் சிறைப்பட்டிருக்கிறது. சூடும் சீக்கிரம் போவதில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அங்கே விடியற்காலைப் பனியில் முகம் கழுவியவர்களுக்கு இந்தச் சூட்டின் அருமை தெரியும்.

பிரஷின் வேலை அந்தத் தண்ணீரையும் சூட்டையும் சுமந்து வருவது. துரையின் பிரஷ் பேட்ஜர் என்ற விலங்கின் முடி. அது தண்ணீரை உறிஞ்சிக் குடிப்பதால்தான் நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு முடிக்குள்ளும் போகும் நீர் கொஞ்சம்தான். பெரும்பங்கு முடிகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் தந்துகிக் கவர்ச்சியால் தங்குகிறது. திரியில் எண்ணெய் ஏறுகிற அதே விதி. பேட்ஜர் முடி இடையில் தடித்து நுனியில் கூர்ந்து போவது. கட்டாகக் கட்டும்போது நிறையச் சந்து விழுகிறது, நுனியோ தோலுக்கு மெத்தென்று இருக்கிறது. நுனியை வெட்டாமல், கற்றையைக் கையால் வடிவமைத்துக் கட்டினால்தான் அந்த மென்மை மிஞ்சும். கடைகளில் ‘ப்யூர்’, ‘பெஸ்ட்’, ‘சில்வர்டிப்’ என்று தரம் பிரிப்பதும் முடியின் மென்மையையும் நுனி வெண்மையையும் வைத்துத்தான். பன்றி முடியின் குணம் வேறு. அது தானே தண்ணீர் குடித்து மெதுவாகும், நுனி பிளந்து பிளந்து பழகும். புதிதில் குத்தும், சில வாரம் போனால் நன்றாக உழைக்கும்.

பேட்ஜரைத் தமிழில் வளைக்கரடி என்று எழுதுகிறார்கள். கரடியோடு அதற்கு உறவில்லை, நீர்நாயின் குடும்பம். இலங்கையில் பேட்ஜர் கிடையாது. அந்தக் குடும்பத்தில் நம்மிடம் இருப்பது நீர்நாய் ஒன்றே. மலைநாட்டு ஓடைகளிலும் அது உண்டு. அதனால் துரையின் பிரஷ் எங்கோ தொலைவில் கொல்லப்பட்ட விலங்கின் முடி. இன்று பிரிட்டனில் உரிமமின்றிப் பேட்ஜரைக் கொல்வது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சந்தைக்கு வரும் முடியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. இந்தியாவில் கீரி முடியில் தூரிகை செய்தார்கள். அதிலும் பட்டை பட்டையாக நிறம் ஓடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் கீழ் கீரியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் முடியில் செய்த தூரிகையை விற்பதும் குற்றம்.

இந்த முடி வியாபாரம் மனிதரையும் கொன்றிருக்கிறது. முதல் உலகப் போருக்கு முன் பிரஷ் முடி பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்து, ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் சுத்தம் செய்யப்பட்டு மற்ற நாடுகளுக்குப் போனது. போர் அந்த வழியை அடைத்தது. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் குதிரை முடி நேரே வரத் தொடங்கியது. அதற்குப் பேட்ஜர் போலவே கரும்பட்டை சாயமிட்டு விற்றார்கள். கிருமி நீக்கம் செய்யாத அந்த முடியில் அடைப்பான் நோயின் வித்துகள் இருந்தன. பிளேடு பட்ட சிறு கீறல் போதும். சில நாளில் தாடையிலோ கழுத்திலோ வலியில்லாத ஒரு புண், நடுவில் கரியைப்போலக் கறுத்த பொருக்கு, சுற்றி வீக்கம். பிரிட்டிஷ், அமெரிக்கப் படையினரும் பொதுமக்களுமாக 200 பேருக்கு மேல் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். அகழிகளில் குண்டுக்குத் தப்பிய சிப்பாய் முகம் மழித்ததால் செத்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனது கனக்கிறது. பிரிட்டன் 1919இல் அடைப்பான் தடுப்புச் சட்டம் இயற்றியது. 1920இல் ஜப்பானிய ஷேவிங் பிரஷ்களை நாட்டுக்குள் விடாமல் தடுத்தது. 1921இல் லிவர்பூலில் ரோமத்தை ஃபார்மால்டிஹைடில் முக்கிக் கிருமி நீக்கும் அரசு நிலையம் வந்தது. முறையாகச் சுத்தம் செய்த முடியில் இன்று அந்தப் பயம் இல்லை. எங்கே யார் கட்டியது என்று தெரியாத பழைய பிரஷைப் பழம்பொருள் ஆசையில் வாங்கி முகத்தில் தேய்க்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் வருவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தகரப்பெட்டியோடு சவரத் தொழிலாளி வருவார். பெட்டிக்குள் கத்தி, தோல்வார், படிகாரக் கட்டி, ஒரே ஒரு பிரஷ். அந்தக் காலத்துச் சம்பளச் சீட்டில் சலவைக் காசோடு சவரக் காசும் பிடிப்பார்கள். வரிசையில் உட்கார்ந்த எல்லாருக்கும் அந்த ஒரே பிரஷ்தான். பிளேடை மாற்றவேண்டும் என்பதை நம் சலூன்கள் கற்றுக்கொண்டுவிட்டன. பிரஷைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஈர முடிக்கற்றையின் அடிக்குள் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் தங்கலாம். கீறல் விழுந்த தாடையில் அவை மயிர்க்கால் கொப்புளங்களை உண்டாக்கும். சலூனுக்குப் போகும்போது சொந்தப் பிரஷைச் சட்டைப் பையில் வைத்துப் போங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நுரைக்கு இன்னொரு பங்காளி தண்ணீர். யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்த காலத்தில் அதே சவர்க்காரம், அதே பிரஷ், நுரை மட்டும் எழவேயில்லை. கிண்ணத்தில் வெள்ளைத் துகள் மிதந்தது. யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. அந்தத் தண்ணீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகிறது. நுரைக்க வேண்டிய சவர்க்காரம் அங்கேயே செலவாகிறது. மலைநாட்டின் பெரும்பகுதி பழைய உருமாறிய பாறை, எளிதில் கரையாதது. அதனால் மழைநீர் பீலியில் வந்து விழும்போதும் மென்னீராகவே இருக்கிறது. கண்டி, மாத்தளைப் பக்கம் சலவைக்கல் படுகைகள் உள்ள இடங்களில் இது மாறும். வன்னீர் ஊரில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சவர்க்காரம் எடுங்கள். மாதம் ஒருமுறை நீர் கலந்த வினாகிரியில் பிரஷை ஊறவைத்து அலசினால் அடியில் படிந்த கசடு போகும்.

எங்கள் மலைக்கு நல்ல தண்ணீர் வாய்த்தது. உலர்த்துவதற்கு வெயில் வாய்க்கவில்லை. ஆடி மாதம் ஹட்டனில் துணி நாலு நாளானாலும் காயாது. தாத்தா போனபின் அந்தப் பிரஷை நான் பத்திரமாக மூடிபோட்ட டப்பாவில் வைத்தேன். ஒரு மழைக்காலம் கழித்துத் திறந்தபோது பூஞ்சை வாடை. முடியைப் பிரித்துப் பார்த்தேன். பிடியோடு சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. விரலால் தொட்டதும் ஐந்தாறு முடி கையோடு வந்தது. அன்று அழுதேன்.

ஆகவே மலைநாட்டுக்காரர் பிரஷ் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது எவ்வளவு சீக்கிரம் உலரும் என்பதைத்தான். அடர்த்தியான பேட்ஜர் கற்றை மெதுவாகத்தான் காயும். இன்றைய செயற்கை இழைக்குள் தண்ணீர் அநேகமாகப் போவதே இல்லை. நாலு உதறு உதறினால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். நுனியை மெல்லியதாகச் சீவிச் செய்வதால் குத்துவதுமில்லை. விலையும் குறைவு, எந்த விலங்கும் சாகவேண்டியதில்லை. மென்னீர் உள்ள ஊரில் பேட்ஜருக்காகக் கூடுதல் காசு கொடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கையிலிருப்பது முடியா இழையா என்று சந்தேகமானால் ஒன்றைப் பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள். முடி பொசுங்கிக் கருகல் வாடை அடிக்கும். இழை உருகி உருண்டையாகும்.

எதை வாங்கினாலும் கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள், முடியும் கெடும், அடிப்பசையும் விடும். முகத்தில் வைத்து அழுத்தித் தேய்க்காமல் நுனியால் பூசுங்கள். முடிந்ததும் நுரை போக அலசி, பிழிந்து, உதறி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். தாத்தா அடுப்புச் சூடு எட்டுகிற தூரத்தில், புகைபடியாத மூலையில் ஓர் ஆணி அடித்து, பிடியில் நூல் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார். என் செயற்கைப் பிரஷ் இப்போது அதே ஆணியில் தொங்குகிறது.