மூளைக்கட்டிகளின் குருதிக்குழாய்களை மதிப்பிடுவதில் எம்.ஆர்.ஐ. படமாக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மூளைக்கட்டியின் வீரியத்தையும் சிகிச்சையின் பயனையும் அறிய அதன் குருதிக்குழாய்கள் உதவுகின்றன. அவற்றை அளவிடும் எம்.ஆர்.ஐ. முறைகளின் அடிப்படை, பயன், வரம்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: மூளைக்கட்டி, எம்.ஆர்.ஐ., குருதிக்குழாய், குருதிக் கொள்ளளவு, கசிவு.

முன்னுரை

புதிய குருதிக்குழாய்கள் தோன்றாமல் கட்டியொன்று ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர இயலாது என்னும் கருதுகோளை ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்தார். கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக்கட்டியில் இத்தகைய குழாய்கள் மிகுதி. அவை கோணலாகவும் கசிவுடையனவாகவும் அமைகின்றன.

வழக்கமான படத்தின் வரம்பு

காடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்தியபின் கட்டி வெண்மையாகத் தோன்றுவது, குருதி-மூளைத் தடுப்பு சிதைந்து மருந்து கசிந்துள்ளது என்பதையே காட்டும். குழாய்களின் மிகுதியைக் காட்டாது. கதிர்வீச்சுச் சிகிச்சையும் இத்தடுப்பைச் சிதைக்கும். ஆகவே, சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களில் வெண்பகுதி பெரிதானால், அது கட்டியின் வளர்ச்சியா, சிகிச்சையின் விளைவா என்பதை அப்படத்தைக் கொண்டு மட்டும் உறுதி செய்ய இயலாது. பயனளிக்கும் சிகிச்சையைக் கைவிடுவதும், பயனற்றதைத் தொடர்வதும் இங்கு நேரக்கூடிய பிழைகள்.

அளவிடும் முறைகள்

முதல் முறையில், மருந்து விரைவாகச் செலுத்தப்பட்டு, ஏறத்தாழ ஒன்றிரண்டு நொடிக்கு ஒரு முறை மூளை முழுவதும் படமாக்கப்படுகின்றது. மருந்து குழாய்களைக் கடக்கும்போது சைகை தாழ்ந்து மீள்கின்றது. அத்தாழ்விலிருந்து குருதிக் கொள்ளளவு கணிக்கப்பட்டு, எதிர்ப்புறத்து இயல்பான வெண்பொருளுடன் ஒப்பிடப்படுகின்றது. விகிதம் உயர்ந்திருப்பின் கட்டி வளர்கின்றது என்றும், தாழ்ந்திருப்பின் சிகிச்சையின் விளைவு என்றும் கருத இடமுண்டு.

இரண்டாம் முறை, மருந்து திசுவினுள் கசியும் வேகத்தைச் சில நிமிடங்கள் தொடர்ந்து அளக்கின்றது. மூன்றாம் முறையில் மருந்தே தேவையில்லை. கழுத்துப் பகுதியில் குருதியிலுள்ள நீர் ரேடியோ அலைகளால் குறியிடப்பட்டு, மூளையை அடையும் அளவு கணிக்கப்படுகின்றது. சிறுநீரகக் குறைபாடு உடையோர்க்கு இது ஏற்றது.

கவனிக்கத்தக்கவை

மருந்து கசிந்தால் முதல் முறையின் கணக்குப் பிழைபடும். எனவே கசிவுத் திருத்தம் இன்றியமையாதது. ஒலிகோடென்ட்ரோகிளையோமா என்னும் கட்டி, வீரியம் குறைந்த நிலையிலும் உயர்ந்த குருதிக் கொள்ளளவைக் காட்டக்கூடும். கருவிக்கும் மென்பொருளுக்கும் ஏற்ப அளவு மாறுவதால், ஒரு மருத்துவமனையின் எல்லை மதிப்பை மற்றொன்றில் அப்படியே பயன்படுத்துவது பொருந்தாது.

பெவாசிசுமாப் மருந்து குழாய்களின் கசிவைக் குறைப்பதால், கட்டி சுருங்காத நிலையிலும் வெண்பகுதி சுருங்கும். 2014இல் வெளியான இரு பெரும் மருத்துவ ஆய்வுகளில், புதிதாகக் கண்டறியப்பட்ட கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளுக்கு இம்மருந்து நோய் முற்றும் காலத்தைத் தள்ளிப்போட்டது; வாழ்நாளை நீட்டிக்கவில்லை. படத்தில் காணும் முன்னேற்றமும் நோயாளி பெறும் பயனும் வேறாகலாம் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

குருதிக் கொள்ளளவு, கசிவு, குருதியோட்டம் ஆகிய மூன்றும் வெவ்வேறு பண்புகள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இவற்றை வழக்கமான படம், திசு ஆய்வு, நோயாளியின் உடல்நிலை ஆகியவற்றுடன் இணைத்து நோக்கும்போதே சிகிச்சை முடிவு உறுதிபெறும்.