முதல் மீனுக்கு முன்பே

உணவுச் சங்கிலிப் பாடத்தில் மினமாட்டாவை நான் சொல்லாமல் விட்டதில்லை. ஜப்பானின் அந்த விரிகுடாவில் வேதித் தொழிற்சாலைக் கழிவோடு மெத்தில் பாதரசம் கலந்தது. மீனும் சிப்பியும் உண்ட மக்களின் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டது. 1956-இல் நோய் அறியப்பட்டும், காரணத்தை அரசு ஏற்க 1968 ஆயிற்று. சிறிய மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன நஞ்சு கூடுகிறது என்று அம்புக்குறி வரைந்து முடித்துவிடுவேன்.

ஒருநாள் மீனவர் வீட்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், அவ்ளோ பெரிய கடல்ல கரைஞ்சு போயிடாதா? முதல் மீனுக்கு அது எப்படி வந்துச்சு?" என் அம்புக்குறிகளில் அதற்கு விடை இல்லை.

விடை மிதவை உயிரிகளிடம் இருக்கிறது. ஒற்றைச் செல் தாவர மிதவை உயிரிகளுக்கு வாய் கிடையாது. தமக்குத் தேவையான இரும்பு, துத்தநாகம் போன்றவற்றை உடற்பரப்பின் வழியே நீரிலிருந்து நேரடியாகப் பெறுகின்றன. பாதரசமும் அப்படியே வந்து சேர்கிறது. நீரில் உள்ளதைவிடப் பல்லாயிரம் மடங்கு செறிவில் மெத்தில் பாதரசம் அவற்றில் சேர்கிறது. சங்கிலியின் மிகப் பெரிய தாவல் இதுதான். அடுத்தடுத்த படிகளில் சில மடங்குதான் கூடுகிறது.

எல்லாப் பாதரசமும் ஒரேபோல் மேலே ஏறுவதில்லை. கனிமப் பாதரசம் பெரும்பாலும் செல்லின் சவ்விலும் சுவரிலும் ஒட்டுகிறது. மெத்தில் பாதரசம் சைட்டோபிளாசத்துக்குள் செல்கிறது. டையாட்டத்தைத் தின்னும் கோப்பிபாடு சைட்டோபிளாசத்தைச் செரித்துக்கொண்டு, சுவரைக் கழிவாக வெளியேற்றுகிறது. எனவே மெத்தில் பாதரசமே அடுத்த படிக்கு அதிகம் போகிறது.

செல் சிறிதாக இருப்பதன் விளைவை வகுப்பில் காட்ட ஓர் உருளைக்கிழங்கு போதும். 2 செ.மீ. பக்கமுள்ள கனசதுரமாக வெட்டி மையில் தோய்த்தால், மை படும் பரப்பு 24 ச.செ.மீ. அதே அளவுள்ள இன்னொரு துண்டை 1 செ.மீ. கனசதுரங்கள் எட்டாக வெட்டித் தோய்த்தால் 48 ச.செ.மீ. கன அளவு மாறவில்லை, பரப்பு இரட்டித்துவிட்டது. நுண்ணிய செல்லுக்கு இந்த விகிதம் இன்னும் எவ்வளவு கூடும் என்பதை மாணவர்களே கணக்கிடட்டும்.

செயல்பாடு முடிந்ததும் அவளே மறுபடி கேட்டாள்: "அப்ப மீன் சாப்பிடக் கூடாதா சார்?"

மீனை நம்பி வாழும் வீட்டுக்கு வெறும் அச்சத்தைச் சுமந்து அந்தப் பிள்ளை போகக் கூடாது. மத்தி, நெத்திலி போன்றவை மிதவை உயிரிகளைத் தின்று குறுகிய காலம் வாழ்பவை. பொதுவாக அவற்றில் பாதரசம் குறைவு. நெடுநாள் வாழ்ந்து மற்ற மீன்களை வேட்டையாடும் சுறா போன்றவற்றில் அதிகம். இதைச் சொன்னதும், "எங்க வீட்ல மத்திதான் சார்" என்று சிரித்தாள்.

இப்போது கரும்பலகையில் என் முதல் அம்புக்குறி மீனிலிருந்து தொடங்குவதில்லை. நீரிலிருந்து மிதவை உயிரிக்குப் போகிறது. அதைத்தான் எல்லாவற்றிலும் தடிமனாக வரைகிறேன்.